எந்தத் துப்பாக்கி? வட அமெரிக்கக் கரடி வேட்டையின் கதை



காட்டுக்குப் போகிறவன் கையில் எதை எடுத்துச் செல்வது என்பது, மனிதன் குகையில் வாழ்ந்த காலந்தொட்டுக் கேட்டுவரும் கேள்வி. தடியா, ஈட்டியா, அம்பா என்று கேட்டவன், பிற்காலத்தில் எந்தத் துப்பாக்கி என்று கேட்கத் தொடங்கினான். உயிரைப் பணயமாக வைத்து இந்தக் கேள்வி கேட்கப்பட்ட இடம் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. அங்கே கரடி வேட்டைக்குப் புறப்பட்டவர்கள், எந்தத் துப்பாக்கி, அதன் குழாய் எவ்வளவு அகலம், குண்டு எவ்வளவு எடை என்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்தார்கள். விடையும் கண்டார்கள். ஆனால் விடை கைக்கு வந்தபோது வேறொரு கேள்வி வாசலில் வந்து நின்றது. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் கரடியைப் பற்றித் தெரிந்துகொள்வோம். நம் மலேசியக் காடுகளில் இருப்பது தேன்கரடி. மார்பில் பிறை போன்ற வெளிறிய அடையாளம் கொண்ட அதை மலாய் மொழியில் பெருவாங் மத்தாஹாரி என்பார்கள். உலகத்துக் கரடி இனங்களில் அதுவே மிகச் சிறியது. 65 கிலோ எடை வந்தால் அது பெரிய தேன்கரடி. வட அமெரிக்காவின் கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடியோ வேறு வகை. உள்நாட்டு மலைகளில் வாழும் ஆண் கிரிஸ்லி 180 முதல் 360 கிலோ வரை இருக்கும். அலாஸ்காவைச் சேர்ந்த கோடியாக் தீவில் மீன் தின்று வளரும் ஆண் கரடி 680 கிலோவைத் தொடுவதும் உண்டு. இவ்வளவு பெரிய உடலைத் தூக்கிக்கொண்டு மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடும். அதற்கு முன்னால் எந்த மனிதனாலும் ஓடித் தப்ப முடியாது. கனத்த எலும்பு, அதன்மேல் தசை, தசையின்மேல் கொழுப்பு, கொழுப்பின்மேல் அடர்ந்த மயிர். இத்தனை அரண்களுக்கும் உள்ளே இருக்கின்றன அதன் இதயமும் நுரையீரலும்.

அடுத்து, இரண்டு சொற்களை விளக்கிவிடுவோம். ஒன்று ரைபிள். துப்பாக்கிக் குழாயின் உட்புறத்தில் திருகாணியைப் போலச் சுற்றிச் செல்லும் வரிகளை வெட்டியிருப்பார்கள். குண்டு அந்த வரிகளைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளியேறும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழலும் குண்டு தடுமாறாமல் நேராகப் போகும். அத்தகைய துப்பாக்கிதான் ரைபிள். மற்றொன்று காலிபர். அது குழாயின் உள்விட்டம். அமெரிக்கர்கள் அதை அங்குலத்தின் பின்னமாகச் சொல்வார்கள். 50 காலிபர் என்றால் அரை அங்குலம். 30 காலிபர் என்றால் ஏறத்தாழ ஏழரை மில்லிமீட்டர்.

இனிக் கதைக்கு வருவோம். 1803ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரந்து கிடந்த நிலத்தைப் பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கியது. அந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து வர, மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் என்ற இருவரின் தலைமையில் 1804ஆம் ஆண்டு மே மாதம் ஒரு குழு புறப்பட்டது. மிசூரி ஆற்றில் படகேறிச் சென்ற அவர்கள், முதல் குளிர்காலத்தை மாண்டன், ஹிடாட்சா என்னும் பூர்வகுடி மக்களின் ஊர்களுக்கு அருகில் கழித்தார்கள். மேற்கே இருக்கும் கரடியைப் பற்றி அம்மக்கள் எச்சரித்தார்கள். அதை வேட்டையாட ஆறு பேர், எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்தே போவார்களாம். போருக்குப் போவதுபோல் உடம்பில் வண்ணம் பூசிக்கொண்டு போவார்களாம். அப்படிப் போயும் சில சமயம் ஆட்களை இழந்து திரும்புவார்களாம்.

லூயிஸ் அதை முழுமையாக நம்பவில்லை. 1805ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் அவர் முதல் கிரிஸ்லியைச் சந்தித்தார். அது இன்னும் முழு வளர்ச்சி அடையாத கரடி. அடிபட்ட பிறகும் அவரைச் சிறிது தூரம் துரத்திவிட்டே அது விழுந்தது. அம்பும் மட்டமான துப்பாக்கியும் வைத்திருப்பவர்கள் அஞ்சலாம், நல்ல ரைபிள் வைத்திருப்பவனுக்கு இது பெரிய ஆபத்தல்ல என்று அவர் நாட்குறிப்பில் எழுதினார்.

அந்த எண்ணம் ஒரு வாரங்கூட நிலைக்கவில்லை. மே 5ஆம் நாள் கிளார்க்கும் மற்றொருவரும் ஒரு பெரிய கரடியைச் சுட்டார்கள். பத்துக் குண்டுகள் பாய்ந்தன. அவற்றில் ஐந்து நுரையீரலைத் துளைத்தவை. அந்த நிலையிலும் கரடி ஆற்றில் பாதி தூரத்துக்கு மேல் நீந்தி, ஒரு மணல்திட்டில் ஏறி, இருபது நிமிடமாவது உயிரோடு கிடந்தது. மே 14ஆம் நாள் ஆறு வேட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு கரடியை நெருங்கினார்கள். நால்வர் ஒரே நேரத்தில் சுட்டார்கள். கரடி வாயைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்தது. மற்ற இருவரும் சுட்டார்கள். அப்போதும் நிற்கவில்லை. இருவர் துப்பாக்கியை எறிந்துவிட்டு, இருபதடி உயரக் கரையிலிருந்து ஆற்றில் குதித்தார்கள். கரடியும் பின்னாலேயே குதித்தது. கரையில் நின்ற ஒருவர் தலையில் சுட்ட பிறகே அது அடங்கியது. அறுத்துப் பார்த்தபோது எட்டுக் குண்டுகள் பாய்ந்திருந்தன.

நல்ல ரைபிளும் கைதேர்ந்த வேட்டைக்காரர்களும் இருந்தும் ஏன் இப்படி ஆயிற்று? காரணம் துப்பாக்கியின் அமைப்பில் இருந்தது. அக்காலத்து ரைபிளில் குழாயின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய ஈயக் குண்டை வைத்து, கம்பியால் கெட்டித்து, பிறகு சக்கிமுக்கிக் கல் எழுப்பும் தீப்பொறியால் வெடிக்கச் செய்ய வேண்டும். ஒரு முறை சுட்டால் மறுமுறை மருந்திட, பழகிய கைக்கும் அரை நிமிடம் ஆகும். ஐம்பது மீட்டர் தூரத்தில் நிற்கும் கரடிக்கோ நான்கு விநாடி போதும். மேலும், உருண்டையான மென்மையான ஈயக் குண்டு சதைக்குள் நுழைந்ததும் வேகம் இழந்துவிடும். கனத்த எலும்பில் பட்டால் தட்டையாகிவிடும்.

இந்த உண்மையை லூயிஸ் தம் உயிரைக் கொண்டே கற்றார். ஜூன் 14ஆம் நாள் தனியாகச் சென்ற அவர், உணவுக்காக ஒரு காட்டெருமையைச் சுட்டார். அது விழுவதைப் பார்த்தபடி, மீண்டும் மருந்திட மறந்து நின்றார். திரும்பிப் பார்த்தால் இருபது அடி வைக்கும் தூரத்தில் ஒரு கரடி. சுற்றிலும் வெட்டவெளி. ஏற ஒரு மரமில்லை. ஓடிப்போய் ஆற்றில் இடுப்பளவு நீரில் இறங்கி, கையிலிருந்த ஈட்டியை நீட்டிக்கொண்டு திரும்பி நின்றார். என்ன நினைத்ததோ, கரடி திரும்பி ஓடிவிட்டது. அன்றுமுதல், சுட்ட இடத்தைவிட்டு நகருமுன் மீண்டும் மருந்திடுவது அவருக்கு விதியாயிற்று. அந்தப் பயணம் 1806ஆம் ஆண்டு செப்டம்பரில் முடிந்தது. பூர்வகுடி மக்கள் சொன்னது வெறும் பயமல்ல, அனுபவம் என்பதும் புரிந்துபோயிற்று.

அவர்களுக்குப் பின்னால் மேற்கு மலைகளுக்குப் போனவர்கள், நீர்நாயின் உறவான பீவர் என்று சிலர் தவறாக நினைக்கும் கொறிவிலங்கின் தோலுக்காகப் போன வேட்டைக்காரர்கள். அவர்களுக்காகச் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப் ஹாக்கன், சாமுவேல் ஹாக்கன் என்னும் சகோதரர்கள் தனிவகை ரைபிள்களைச் செய்து கொடுத்தார்கள். அவற்றின் குழாய் குட்டையாகவும் தடிமனாகவும் இருந்தது. காலிபர் 50 முதல் 54 வரை. குழாய் தடிமனாக இருந்ததால் மருந்தைக் கூடுதலாக இட முடிந்தது. சக்கிமுக்கிக் கல்லுக்குப் பதிலாகச் சிறிய செம்பு மூடியில் அடைத்த வெடிமருந்து வந்தது. மழையிலும் துப்பாக்கி ஏமாற்றாமல் வெடித்தது. ஆயினும் ஒரு முறை சுட்டால் ஒரே குண்டுதான். வாழ்வா சாவா என்பது அந்த ஒன்றில் தொங்கியது.

பித்தளை உறைக்குள் மருந்தையும் குண்டையும் சேர்த்து அடைத்த தோட்டா வந்த பிறகுதான் பெரிய மாறுதல் ஏற்பட்டது. வின்செஸ்டர் கம்பெனி 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட ரைபிளில் பல தோட்டாக்களை வரிசையாக நிரப்பி, கைப்பிடியை இழுத்து இழுத்துச் சுடலாம். ஆனால் அதன் குண்டு 13 கிராம், மருந்து 2.6 கிராம். மானுக்குப் போதும், கிரிஸ்லிக்குப் போதாது. ஆகவே 1876ஆம் ஆண்டில் அதே கம்பெனி பெரிய ரைபிள் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் 45 காலிபர் தோட்டாவில் குண்டு ஏறத்தாழ 23 கிராம், மருந்து ஏறத்தாழ 5 கிராம்.

அந்த ரைபிளை விரும்பி வாங்கியவர்களுள் ஒருவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட். 1884ஆம் ஆண்டு செப்டம்பரில், வயோமிங் பகுதியிலுள்ள பிக்ஹார்ன் மலையில், அவர் ஒரு பெரிய கிரிஸ்லியைச் சில அடி தூரத்திலேயே எதிர்கொண்டார். இரு கண்களுக்கும் நடுவே ஒரே குண்டு. கரடி சாய்ந்தது. லூயிஸ் காலத்தில் பத்துக் குண்டு செய்யாததை எண்பது ஆண்டு கழித்து ஒரு குண்டு செய்தது. துப்பாக்கியின் வலிமை பாதிக் காரணம். குண்டு பட்ட இடம் மறுபாதிக் காரணம்.

அதே 1884ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் போல் வியே என்ற வேதியியலாளர் புகையற்ற வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். இதுதான் காலிபர் பற்றிய எண்ணத்தையே தலைகீழாக மாற்றியது. அதுவரை, வலிமை வேண்டுமானால் பெரிய குண்டு வேண்டும் என்பதே கணக்கு. புதிய மருந்து குண்டின் வேகத்தை இரண்டு மடங்காக்கியது. பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குத் தெரியும்: எடை இரண்டு மடங்கானால் ஆற்றல் இரண்டு மடங்கு, வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவே, குண்டைப் பாதியாகக் குறைத்து வேகத்தை இரட்டித்தால், பழைய துப்பாக்கியைப்போல் இரண்டு மடங்கு ஆற்றல் கிடைக்கும்.

1906ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் ஏற்ற தோட்டா இந்தக் கணக்குக்கு நல்ல சான்று. அதை முப்பது-நாட்-சிக்ஸ் என்பார்கள். முப்பது என்பது காலிபர், சிக்ஸ் என்பது 1906ஆம் ஆண்டைக் குறிக்கும். அதன் 11.7 கிராம் குண்டு விநாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் பாயும். ரூஸ்வெல்ட்டின் 1876 ரைபிளின் குண்டுக்கு இதைப்போல் இரு மடங்கு எடை, ஆனால் பாதி வேகம். இராணுவத்துக்குச் செய்த தோட்டா விரைவில் வேட்டைக்காரர்களின் கைக்கும் வந்தது. 1912ஆம் ஆண்டில் லண்டன் ஹாலந்து அண்டு ஹாலந்து கம்பெனி 375 மேக்னம் என்ற இன்னும் வலிய தோட்டாவை வெளியிட்டது. ஆப்பிரிக்க யானைக்காட்டிலும் அலாஸ்காக் கரடிக்காட்டிலும் அது பெயர் பெற்றது. 1958ஆம் ஆண்டில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக வின்செஸ்டர் 338 மேக்னம் வந்தது.

வேகம் கூடியதும் புதிய தொல்லை ஒன்று முளைத்தது. வேகமாகச் சென்ற குண்டு உடலின் மேற்புறத்திலேயே உடைந்து சிதறியது. 1946ஆம் ஆண்டில் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவில் மூஸ் என்னும் பெருமானைச் சுட்டபோது, காய்ந்த சேறு படிந்த அதன் தோலில் பட்ட குண்டுகள் உள்ளே போகாமல் சிதறின. அவர் ஊர் திரும்பி, நடுவில் செம்புத் தடுப்பு வைத்த குண்டு ஒன்றைச் செய்தார். முன்பாதி விரிந்து காயத்தை அகலமாக்கும், பின்பாதி உடையாமல் ஆழமாகப் போகும். 1948ஆம் ஆண்டு முதல் அது விற்பனைக்கு வந்தது. ஆக, குழாயின் அகலத்தை மட்டும் பார்த்தால் போதாது, குண்டின் கட்டமைப்பையும் பார்க்க வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் அறிந்தார்கள்.

அப்படியானால் இருப்பதிலேயே பெரிய துப்பாக்கியை வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா? இல்லை என்கிறார்கள் அலாஸ்கா வனவிலங்குத் துறையினர். துப்பாக்கி எவ்வளவு வலிதோ அவ்வளவுக்கு அது சுடுபவனின் தோளை உதைக்கும். உதைக்கு அஞ்சியவன் விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடுவான், உடலைச் சுருக்குவான். குண்டு குறி தவறும். பயிற்சி செய்யவும் அவனுக்கு மனம் வராது. ஆகவே, பயமின்றிச் சுடக்கூடிய நடுத்தரத் துப்பாக்கி, அஞ்சிச் சுடும் பெரிய துப்பாக்கியைவிட நல்லது என்பதே அவர்களின் அறிவுரை. பால்வெட்டும் கையை அறிந்த நமக்கு இது புதிதல்ல. கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும், ஆழம் தெரியாத கையில் அது மரத்தைக் காயப்படுத்தும். காயப்பட்ட மரம் ஓரிடத்தில் நிற்கும். காயப்பட்ட கரடியோ புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அவ்வழியே அடுத்து வருபவர் விறகு பொறுக்க வந்த ஏழையாகவும் இருக்கலாம்.

கைப்பழக்கம் எவ்வளவு பெரிது என்பதற்குக் கனடாவில் ஒரு சான்று உண்டு. ஆல்பர்ட்டா மாநிலத்தில், ஸ்லேவ் லேக் என்ற ஊருக்கு அருகில், பெல்லா ட்வின் என்ற க்ரீ பூர்வகுடிப் பெண்மணி வாழ்ந்தார். கண்ணி வைத்துச் சிறு விலங்குகளைப் பிடித்துப் பிழைத்தவர். 1953ஆம் ஆண்டு மே மாதம், 63 வயதில், காட்டுப் பாதையில் நடந்து கொண்டிருந்தபோது ஒரு பெரிய கிரிஸ்லி அவரை நோக்கி வந்தது. கையில் இருந்தது 22 காலிபர் துப்பாக்கி. ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும். குண்டின் எடை 2 கிராம்கூட இல்லை. அணில் சுடும் துப்பாக்கி அது. அவர் ஓடவில்லை. ஒதுங்கி மறைந்திருந்து, கரடி மிக அருகில் வந்தபோது, மண்டை எலும்பு மெல்லியதாக இருக்கும் பக்கவாட்டில் சுட்டார். கரடி விழுந்தது. விழுந்த பிறகும் நம்பாமல், மீண்டும் மீண்டும் தோட்டா போட்டுச் சுட்டு உறுதி செய்துகொண்டார். அந்நாளில் பதிவான கிரிஸ்லிகளிலேயே உலகில் மிகப் பெரியது அது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இங்கே வல்லவளுக்கு. ஆயினும் இதைப் பார்த்து யாரும் 22 துப்பாக்கியோடு கரடி வேட்டைக்குப் புறப்படக் கூடாது. அந்த அம்மையார் வேட்டைக்குப் போகவில்லை, உயிர் காத்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் விலங்கின் உடலமைப்பைக் கைகளால் அறிந்தவர் அவர்.

இதுவரை துப்பாக்கி வளர்ந்த கதையைப் பார்த்தோம். இனி, அதே காலத்தில் கரடிக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். அலாஸ்காவை நீக்கிய அமெரிக்கப் பகுதிகளில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 50,000 கிரிஸ்லிகள் இருந்தன. குடியேறிகள் பெருகினார்கள். ஆடுமாடு வளர்ப்பவர்கள் கரடியைச் சுட்டும், பொறி வைத்தும், நஞ்சிட்டும் ஒழித்தார்கள். கலிபோர்னியா மாநிலம் 1911ஆம் ஆண்டில் கிரிஸ்லியின் உருவத்தைத் தன் அதிகாரக் கொடியில் பொறித்தது. 1922ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் கடைசிக் கிரிஸ்லிகளில் ஒன்று சுட்டுக் கொல்லப்பட்டது. இன்று அங்கே கரடி கொடியில் பறக்கிறது, காட்டில் இல்லை. 1975ஆம் ஆண்டில் எண்ணிப் பார்த்தபோது, 50,000 என்பது 700, 800 என்று குறைந்திருந்தது.

இந்த அழிவைக் கண்டு கவலைப்பட்டவர்களில் வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். 1887ஆம் ஆண்டிலேயே ரூஸ்வெல்ட் நண்பர்களோடு சேர்ந்து வனவிலங்குகளைக் காக்க ஒரு சங்கம் கண்டார். 1902ஆம் ஆண்டு நவம்பரில், அதிபராக இருந்த அவர் மிசிசிப்பி மாநிலத்தில் கரடி வேட்டைக்குப் போனார். அவருக்குக் கரடி கிடைக்கவில்லை என்பதால், உடன் வந்தவர்கள் ஒரு கருங்கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து, சுடச் சொன்னார்கள். கட்டிவைத்த விலங்கைச் சுடுவது வேட்டையாகாது என்று அவர் மறுத்துவிட்டார். அடிபட்டுத் துடித்த அந்தக் கரடியின் வேதனையை முடித்துவைக்க மட்டும் சொன்னார். பத்திரிகையில் அது கேலிச்சித்திரமாக வந்தது. அதைப் பார்த்த நியூயார்க் கடைக்காரர் ஒருவர் துணிக்கரடி செய்து, ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயரைச் சூட்டினார். நம் குழந்தைகள் அணைத்துக்கொண்டு தூங்கும் டெடி கரடி பிறந்த வரலாறு இதுதான்.

1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. ரைபிளும் தோட்டாவும் விற்கும்போது வாங்கும் 11 விழுக்காடு வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கே போக வேண்டும் என்றது அது. 1975ஆம் ஆண்டில், அலாஸ்கா நீங்கலான பகுதிகளின் கிரிஸ்லி சட்டப் பாதுகாப்புப் பெற்றது. இப்போது அங்கே ஏறத்தாழ 2,000 இருக்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் கிரிஸ்லி வேட்டையை நிறுத்தியது. அலாஸ்காவில் வேட்டை உண்டு, ஆனால் கட்டுப்பாடும் உண்டு. குட்டியையும், குட்டியோடு திரியும் தாயையும் பொதுவாகச் சுடக் கூடாது. வெளியூரிலிருந்து பழுப்புக் கரடி வேட்டைக்கு வரும் அமெரிக்கர், உரிமம் பெற்ற வழிகாட்டியையோ அவ்வூரில் வாழும் நெருங்கிய உறவினரையோ உடன் அழைத்துப் போக வேண்டும்.

ஆக, லூயிஸ் காலத்தில் கேள்வி, எந்தத் துப்பாக்கி கரடியை நிறுத்தும் என்பது. நமது காலத்தில் கேள்வி, துப்பாக்கியை எது நிறுத்தும் என்பது. ஆயுதம் வலுவற்றிருந்த நாளில் மனிதனைக் காத்தது அவன் எச்சரிக்கை. ஆயுதம் வலுப்பெற்ற பிறகு விலங்கைக் காக்க வேண்டியது அவன் அடக்கம்.

இது நமக்கும் பொருந்தும். நம் நாட்டில் தேன்கரடி சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. காட்டோரத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு அது பழம் தின்ன வருவதுண்டு. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியில் கால் சிக்கி ஊனமாவதும் உண்டு. கண்ணிக்குப் பன்றியென்றும் கரடியென்றும் பேதம் தெரியாது. தோட்டத்தில் தேன்கரடியைக் கண்டால் துரத்தாமல், ஓடாமல், மெல்லப் பின்வாங்கி, பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குச் சொல்லியனுப்புவதே முறை. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். கொடியில் மட்டும் கரடி வாழும் நாடாக நம் நாடு ஆகிவிடக் கூடாது.